பரீட்சை நாளில் கடற்பாசி சூப்

ஒரு மாதமாக என் வீட்டுக்குள் கடற்பாசி நுழையவில்லை. இதில் வேடிக்கை என்னவென்றால், தென்கொரியாவின் யோசு துறைமுகச் சந்தையில் கடற்பாசியும் காய்ந்த மீனும் விற்றுத்தான் எங்கள் வீட்டில் பாதி உலை கொதிக்கிறது. கடையிலும் கடற்பாசிக் கட்டுகளைப் பின் அலமாரிக்குத் தள்ளி, மேலே ஒரு துணியைப் போர்த்தி வைத்திருந்தேன். கேட்கிறவர்களுக்கு மட்டும் எடுத்துக் கொடுப்பேன். கொடுத்த கையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

என் மகள் யேரிம் கல்லூரி நுழைவுத் தேர்வு எழுத இருந்தாள். கடற்பாசி வழுக்கும். தேர்வு நாளில் அதை சூப் வைத்துக் குடித்தவர்கள் தேர்வில் வழுக்கி விழுவார்கள் என்பார்கள். இதை நம்புகிறீர்களா என்று என்னைக் கேட்காதீர்கள். நம்பவில்லை. ஆனால் என் மகளைக் குடிக்கவும் விடமாட்டேன்.

அவளுக்கு இது இரண்டாவது முறை. போன வருடம் காலையில் இரண்டு தாளையும் ஒழுங்காகத்தான் எழுதினாள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கை நடுங்க ஆரம்பித்திருக்கிறது. அதற்கப்புறம் என்ன எழுதினோம் என்றே ஞாபகம் இல்லை என்றாள். கால்நடை மருத்துவம் படிக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். பத்தொன்பது வயதில் ஒரு வருடம் முழுக்க அறைக்குள் அடைந்து கிடந்து மறுபடி படித்தாள். நடுங்கின அந்தக் கையைப் பற்றி நாங்கள் யாரும் வீட்டில் வாய் திறப்பதில்லை.

அந்த வியாழக்கிழமைதான், நிலாக் கணக்குப்படி, என் பிறந்தநாளும் வந்து தொலைந்தது. பிறந்தநாள் என்றால் காலையில் கடற்பாசி சூப் குடித்தாக வேண்டும். பிள்ளை பெற்றவள் வாரக்கணக்கில் குடிக்கிற சூப் அது. பிறந்தவர்களும் வருடத்துக்கு ஒரு நாள் அதைக் குடித்து, பெற்றவளை நினைத்துக்கொள்ள வேண்டும். கல்யாணமாகி இந்த இருபத்திரண்டு வருடமும் என் பிறந்தநாள் சூப்பை நானே வைத்து, நானே குடித்து, பாத்திரத்தையும் நானே கழுவியிருக்கிறேன். குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் முக்கால்வாசிப் பெண்களுக்கு அப்படித்தான். இந்த வருடம் அந்த வேலையும் மிச்சம் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

விடியலில் எழுந்து யேரிமுக்கு முள்ளங்கியும் மாட்டிறைச்சியும் போட்டு சூப் வைத்தேன். சாம்பல் நிற பிளாஸ்க்கில் ஊற்றி மேஜைமேல் வைத்தேன். அந்த பிளாஸ்க் ஜோடியாக வந்தது. சந்தைச் சங்கத்தில் அறுவடைப் பண்டிகைக்குக் கொடுத்தது. ஒன்று அவளுக்கு, இன்னொன்று நான் கடைக்கு எடுத்துப் போவது.

என் கணவர் மான்சிக் நகரப் பேருந்து ஓட்டுநர். அன்று அதிசயமாக எனக்கு முன்பே எழுந்து, "காருக்கு பெட்ரோல் போட்டுட்டு வரேன்" என்று கிளம்பிப் போனார். ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தார். வந்தவர் சமையலறைக்குள் நுழைந்து, "பையை நான் கட்டுறேன், நீ போய் அவ சட்டை பட்டனைப் பாரு" என்றார். கல்யாணமான நாளிலிருந்து சோற்றுக்கிண்ணத்தைக்கூடத் தூக்கி வைக்காத மனிதர். பிள்ளைக்குத் தேர்வு என்றதும் பொறுப்பு வந்துவிட்டது பார் என்று நான் பூரித்துப் போனேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

ஏழு மணிக்கு அப்பாவும் மகளும் காரில் கிளம்பினார்கள். என் பையைத் தூக்கிக்கொண்டு நான் கடைக்கு நடந்தேன். தேர்வு நாள் என்பதால் அலுவலகமெல்லாம் பத்து மணிக்குத்தான் திறக்கும். தெருவில் வண்டிச் சத்தமே இல்லை. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு என் மகளுக்காக ஒதுங்கி நிற்பதுபோல் இருந்தது.

கடையைத் திறந்து, ரப்பர் பூட்ஸும் ரப்பர் ஏப்ரனும் மாட்டிக்கொண்டு, பையிலிருந்து கல்லாப்பெட்டிச் சாவியை எடுக்கக் கை விட்டேன். ஒரு காகிதம் வந்தது. பேருந்து டிப்போவின் நேர அட்டவணையைக் கிழித்துப் பின்பக்கம் எழுதியிருந்தது. மான்சிக்கின் கோழிக் கிறுக்கல்.

"இன்றைக்கு உன் பிறந்தநாள். சூப் உன் பிளாஸ்க்கில் இருக்கிறது. டிப்போ கேண்டீனில் நானே வைத்தேன். உப்பு பார்த்துக்கொள்."

இரண்டு தடவை படித்தேன். பக்கத்துக் கடை யோங்சிம் அக்கா எட்டிப் பார்த்தாள்.

"என்னடி, காலங்காத்தால கண்ணு கலங்குது?"

"அவர் எனக்கு சூப் வெச்சிருக்காருக்கா."

"யாரு, மான்சிக்கா? அந்த ஆளுக்கு அடுப்பு எந்தத் திசைல இருக்குன்னு தெரியுமா?"

"அதான்க்கா."

"திற, திற. நானும் ஒரு வாய் பாக்கிறேன்."

திறந்தேன். ஆவி வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று முள்ளங்கித் துண்டுகள் மிதந்தன.

இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தோம். யோங்சிம் அக்காதான் முதலில் வாயைப் பொத்தினாள். இது யேரிமின் சூப். அப்படியானால் என் சூப் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல ஜோசியர் தேவையில்லை. இன்று மதியம், போன வருடம் கை நடுங்கின அதே நேரத்தில், என் மகள் பிளாஸ்க்கைத் திறப்பாள். உள்ளே கருகருவென்று கடற்பாசி வழுக்கிக்கொண்டு கிடக்கும்.

போனை எடுத்தேன். மணி ஏழு நாற்பத்தைந்து.

"யேரிம் அப்பா, அவ பையில எந்த பிளாஸ்க்கை வெச்சீங்க?"

"சாம்பல் கலரு."

"ரெண்டுமே சாம்பல் கலருதான்."

அவர் மெதுவாக, "நீ சூப் குடிச்சியா? உப்பு சரியா இருந்துச்சா?" என்றார்.

"நான் குடிக்கலை. உங்க மக குடிக்கப் போறா."

"அவ உள்ள போய் இருபது நிமிஷமாச்சே. நான் டிப்போவுக்கு வந்துட்டேன். எட்டு மணிக்கு என் வண்டி எடுக்கணும்."

"எடுங்க. நல்லா எடுங்க" என்று சொல்லிவிட்டு வைத்தேன். யேரிமை அழைக்கவும் வழியில்லை. தேர்வுக்கூடத்துக்குள் போன் கொண்டுபோகக் கூடாது. எட்டுப் பத்துக்குப் பள்ளிக் கதவைச் சாத்திவிடுவார்கள். பள்ளி ஊரின் மறுமுனையில், மேட்டின்மேல் இருந்தது.

பிளாஸ்க்கை இறுக்கி மூடி, மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினேன். ரப்பர் பூட்ஸோடு, ஏப்ரனோடு, ஐம்பத்தொரு வயதில் அப்படி ஓடுவேன் என்று எனக்கே தெரியாது. பின்னால் யோங்சிம் அக்கா, "சந்தை முனைல போலீஸ் பைக் நிக்குதுடி" என்று கத்தினாள். தாமதமாக வரும் மாணவர்களை ஏற்றிப் போவதற்கென்று ஒவ்வொரு வருடமும் நிறுத்தி வைப்பார்கள்.

பைக்கில் உட்கார்ந்திருந்த காவலருக்கு முப்பது வயதுகூட இருக்காது.

"மாணவர் எங்கம்மா?" என்று என் பின்னால் எட்டிப் பார்த்தான்.

"உள்ள போயாச்சு."

"அப்ப யாரைக் கூட்டிட்டுப் போகணும்?"

"இதை." பிளாஸ்க்கை நீட்டினேன்.

"அம்மா, இது தேர்வு எழுதுற பிள்ளைங்களுக்கான வண்டி. சாப்பாடு மறந்ததுக்கெல்லாம்..."

"மறக்கலை தம்பி. மாறிப் போச்சு. அவ பையில கடற்பாசி சூப் போயிடுச்சு."

அவன் முகம் வெளிறிப் போனதைப் பார்த்தேன். ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் கவிழ்த்து, வாரைக்கூட அவனே மாட்டிவிட்டு, "எந்தப் பள்ளிக்கூடம்?" என்று மட்டும் கேட்டான்.

கிளம்பினோம் பாருங்கள், அப்படி ஒரு ஓட்டம் என் வாழ்நாளில் ஓடியதில்லை. சைரன் அலற, துறைமுகச் சாலையில் லாரிகள் இரண்டு பக்கமும் ஒதுங்கின. சிவப்பு விளக்குகள் எங்களுக்காக இல்லை. ஒரு கையில் பிளாஸ்க், இன்னொரு கையில் அவன் பெல்ட். காற்றில் என் ஏப்ரன் கொடிபோல் படபடத்தது. பயமாக இருந்திருக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. என்னை ஏற்றிக்கொண்டு ஒரு அரசாங்கமே ஓடுகிறது.

அவனுடைய வயர்லெஸ் கரகரத்தது. என்ன கொண்டு போகிறாய் என்று யாரோ கேட்டார்கள்.

"தேர்வு சம்பந்தமான அவசரம், சார்" என்றான். பிறகு என்னிடம் தலையைத் திருப்பாமல், "நான் எழுதினப்ப எங்கம்மா ஒரு வாரம் வீட்டுத் தரையை ஈரத்துணியால துடைக்கக்கூட விடலை" என்றான்.

"பாஸ் பண்ணினியா தம்பி?"

"அதான் போலீஸ் ஆயிட்டேன்" என்றான். அது ஆமாவா இல்லையா என்று கேட்க நேரமில்லை.

மேட்டில் ஏறும்போதே மேளச் சத்தம் கேட்டது. யேரிம் படித்த பள்ளியின் இளைய மாணவிகள் விடியற்காலையிலிருந்து கதவருகே நின்று, தேர்வு எழுத வரும் சீனியர்களை வாழ்த்தி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சைரனோடு பைக் வந்து நின்றதும், கடைசி நேரத்தில் வந்த மாணவி என்று எல்லோரும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஹெல்மெட்டைக் கழற்றினேன். உள்ளேயிருந்து என் நரைத்த தலை வந்தது. ஒரு விநாடி மேளம் நின்றது. பிறகு முன்னைவிடப் பலமாக அடித்தது.

"நல்லா எழுதுங்கம்மா. வயசெல்லாம் ஒரு விஷயமே இல்லை" என்று ஒருத்தி என் கையில் ஒட்டும் மிட்டாயைத் திணித்தாள். தேர்வில் வழுக்காமல் நன்றாக ஒட்டிக்கொள்ள வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. பத்துப் பதினைந்து பேர் வரிசையாக இடுப்பை வளைத்து வணங்கினார்கள். மீன் நாற்றம் அடிக்கும் ஏப்ரனோடு நானும் வணங்கினேன். வேறென்ன செய்ய.

கதவருகே கண்ணாடி போட்ட ஆசிரியர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். மணி எட்டு அடித்து எட்டு நிமிடம். மூச்சிரைக்க விஷயத்தைச் சொன்னேன். அவரும் முதலில் "ஐயையோ" என்றுதான் சொன்னார். பிறகு நிதானமானார்.

"கதவைச் சாத்தின பிறகு எதையும் உள்ள வாங்க முடியாதும்மா. இப்பவே குடுத்தா அவங்க வகுப்புக்குக் கொண்டுபோய்க் குடுத்துடலாம். பேர் சொல்லிக் கூப்பிட்டுத்தான் குடுக்கணும். பழையதைத் திருப்பி வாங்கணும்னா காரணத்தையும் சொல்லணும்."

"சாப்பாட்டு நேரத்துக்குக் குடுக்க முடியாதா?"

"முடியாதும்மா. இப்ப, இல்லைன்னா இல்லை. ரெண்டு நிமிஷம் இருக்கு."

பிளாஸ்க்கை நீட்டினேன். அவர் கையும் நீண்டது. அந்த நேரத்தில்தான் எனக்கு யோசனை வந்தது. என் மகளை எனக்குத் தெரியும். இன்னொரு பிளாஸ்க் வந்தால், ஏன் வந்தது என்று முதல் பிளாஸ்க்கைத் திறந்து பார்க்காமல் இருக்க மாட்டாள். முதல் தாள் கைக்கு வருவதற்கு முன்பே கை நடுங்க ஆரம்பித்துவிடும். கொடுக்காவிட்டால் மதியம்வரை நிம்மதியாக எழுதுவாள். மதியம் திறப்பாள். அதன் பிறகு அவள் கதி என்ன? ஒருவேளை பதற்றத்தில் சூப்பே வேண்டாம் என்று விட்டுவிட்டால்? போன வருடம் சோற்றைப் பாதியில் வைத்தவள்தானே?

"அம்மா, ஒரு நிமிஷம்" என்றார் ஆசிரியர்.

கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "வேண்டாம் சார். அவ காலைலயாவது நல்லா எழுதட்டும்."

சரிதானா என்று அவர் கண்ணால் கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? எட்டுப் பத்துக்கு இரும்புக் கதவு என் மூக்குக்கு முன்னால் சாத்தப்பட்டது. அவ்வளவு தூரம் பறந்து வந்த சூப் என் கையிலேயே இருந்தது.

கடைக்குத் திரும்ப மனம் வரவில்லை. காவலர் தம்பி ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனான். மதிலை ஒட்டி என்னைப்போலவே நிறைய அம்மாக்கள் நின்றார்கள். கும்பிடுகிறவர்கள் கும்பிட்டார்கள், ஜெபமாலை உருட்டுகிறவர்கள் உருட்டினார்கள். நான் பிளாஸ்க்கைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

பன்னிரண்டு மணிக்கு மான்சிக் வந்தார். வேறொரு ஓட்டுநரிடம் கெஞ்சி வண்டியை மாற்றிவிட்டு, சீருடையோடு, வெள்ளைக் கையுறையைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றார். என் எதிரில் குந்தி உட்கார்ந்தார். நாலு மணி நேரமாக நான் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் வெளியே வந்தது.

"இருபத்திரண்டு வருஷமா அடுப்புப் பக்கம் வராத மனுஷனுக்கு இன்னிக்குத்தானா ஆசை வரணும்? நாளைக்கு வெச்சிருக்கக் கூடாதா?"

"நாளைக்கு உன் பிறந்தநாள் இல்லையே."

"கடற்பாசி எங்க கிடைச்சுது உங்களுக்கு?"

"உன் கடைல. பின் அலமாரில, ஓரமா இருந்த கட்டு."

"அது மூணாம் தரம். திருடுறவர் முதல் தரத்தைத் திருடக் கூடாதா?"

அவர் கையுறையின் விரலை இழுத்து இழுத்து விட்டார். "வருஷா வருஷம் உனக்கு நீயே வெச்சுக்குவே. இந்த வருஷம் அதுவும் வெச்சுக்க மாட்டேன்னு தெரியும். அதான்" என்றார்.

அந்த நேரம் பார்த்து உள்ளே மணி அடித்தது. சாப்பாட்டு மணி. இப்போது பையைத் திறப்பாள். இப்போது மூடியைத் திருகுவாள். "பேசாதீங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

ஒன்று பத்துக்கு ஆங்கிலம் கேட்டு எழுதும் தேர்வு. வானத்தில் விமானம் பறக்கக் கூடாது, கீழே யாரும் ஹாரன் அடிக்கக் கூடாது. தெருவே கல்லாய் நின்றது. ஒரு அம்மாவுக்குத் தும்மல் வந்து, கைப்பையில் முகத்தைப் புதைத்துத் தும்மினாள். அந்த அமைதியில் எனக்கு ஒரே ஒரு சத்தம்தான் கேட்டது. பேனா பிடித்த ஒரு கை மேஜையில் தடதடவென்று நடுங்கும் சத்தம். கேட்டிருக்க முடியாது என்று தெரியும். இருந்தாலும் கேட்டது.

நாலே முக்காலுக்குக் கதவு திறந்தது. பிள்ளைகள் வெள்ளமாய் வெளியே வந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டு வந்தாள், ஒருத்தி செருப்புத் தேயத் துள்ளிக்கொண்டு வந்தாள். யேரிமைக் காணோம். மான்சிக் கால்விரல் நுனியில் எம்பி எம்பிப் பார்த்தார். கடைசிக் கூட்டத்தில் வந்தாள். பிளாஸ்க்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்திவிடக் கூடாது என்பதுபோல் மெதுவாக நடந்து வந்தாள். நான் பார்த்தது அவள் முகத்தை இல்லை. கையை. நடுங்கவில்லை.

"இந்தாங்கம்மா" என்று பிளாஸ்க்கை நீட்டினாள்.

"திறந்தியா?"

"திறந்தேன். உடனே மூடிட்டேன், ஆறிடப் போகுதுன்னு."

"கை... கை நடுங்கலையா?"

"முதல்ல நடுங்குச்சு. பக்கத்துல உக்காந்திருந்தவ எட்டிப் பாத்துட்டு நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கிட்டா. அப்புறம் பாத்தேன், இறைச்சித் துண்டு ஒவ்வொண்ணும் என் கட்டைவிரல் அளவு இருந்துச்சு. இது அம்மா கை இல்லை, அப்பா கைன்னு தெரிஞ்சுது. அப்பா எதுக்கு சூப் வெக்கணும்னு யோசிச்சேன். அப்பதான் தேதி உறைச்சுது." அவள் குரல் உடைந்தது. "ஒரு வருஷமா நான், நான், நான்னே இருந்துட்டேம்மா. உங்க பிறந்தநாள் எனக்கு ஞாபகமே இல்லை. அங்கயே உக்காந்து அழுதேன். அழுது முடிச்சுப் பாத்தா நடுக்கம் நின்னு போயிருந்துச்சு."

"எழுதினியா?"

"கடைசிக் கேள்வி வரைக்கும் போனேன்."

மான்சிக் அந்தப் பக்கம் திரும்பிக் கையுறையால் மூக்கைத் துடைத்தார்.

"ஒரு வாய்கூடக் குடிக்கலையா நீ?" என்று கேட்டேன்.

"தேர்வு அன்னிக்குக் கடற்பாசி குடிக்க எனக்கென்ன பைத்தியமா? வெறும் சோறும் முட்டையும் சாப்பிட்டேன்." கண்ணீரோடு சிரித்தாள். "அதோட, அது உங்க சூப்."

அங்கேயே நடைபாதை விளிம்பில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். முள்ளங்கி சூப்பை அவளிடம் கொடுத்தேன். பசியில் பிளாஸ்க்கோடு கவிழ்த்துக் குடித்தாள். நான் என்னுடையதைத் திறந்தேன். கடற்பாசியைப் பார்த்ததும் பக்கத்தில் நின்ற ஒரு அம்மா தன் மகளின் கண்ணைப் பொத்தி இழுத்துக்கொண்டு போனாள். தேர்வுதான் முடிந்துவிட்டதே என்று அவளுக்கு யார் சொல்வது.

நான் வைக்கிற சூப்பில் உப்பு எவ்வளவு இருக்கும் என்று வாயில் வைப்பதற்கு முன்பே எனக்குத் தெரியும். இருபத்திரண்டு வருடமும் அப்படித்தான் குடித்தேன். இதில் எனக்குத் தெரியவில்லை. தெரியாமல் குடித்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. கடலையே அள்ளி ஊற்றியதுபோல் கரித்தது.

"உப்பு சரியா இருக்கா?" என்று மான்சிக் மறுபடியும் கேட்டார்.

"வாயை மூடிட்டு இருங்க. குடிக்க விடுங்க" என்றேன். அடியில் ஒட்டியிருந்த கடைசிக் கடற்பாசித் துண்டு வழுக்கி வழுக்கி வரமாட்டேன் என்றது. விரலை விட்டு எடுத்துத் தின்றேன்.